ஏழாம் குழியில் பழுது இல்லை

சாவிக்காரரின் சாவி எந்தப் பூட்டையும் திறக்காது. நாலரை அடி நீளம், ஒன்பது கிலோ எடை. மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே சதுரக் குழிவு. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அவர் வீட்டை விட்டு இறங்கினால், பால் வாங்க நிற்பவர்கள் தங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வால்வு திறக்கிற வேலை பார்த்தார். மேட்டில் ஒரு பெரிய தொட்டி. அதிலிருந்து இறங்கும் குழாய்களில் பன்னிரண்டு வால்வுகள். ஒவ்வொன்றும் சாலையோரத்தில், இரும்பு மூடி போட்ட ஒரு குழிக்குள் இருந்தது. மூடியைக் கொக்கியால் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, வால்வின் தண்டில் மாட்டிச் சுற்ற வேண்டும். எந்தக் குழிக்கு எத்தனை சுற்று என்பதுதான் அவருடைய வித்தை. முதல் குழிக்குப் பதினெட்டு, இரண்டாவதற்கு முப்பது, ஐந்தாவதற்குப் பதினொன்று. ஐந்தாவதன் பக்கத்தில் ஒரு நாயும் உண்டு. அந்த இடத்தில் மூன்று தலைமுறை நாய்கள் மாறின. அவருடைய பயம் மட்டும் மாறவில்லை.

நாயைப் பற்றிச் சொல்லக் காரணம், பின்னால் நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் அவரைச் சிங்கம் என்று எண்ணிக்கொள்வதுதான். வீட்டில் கரப்பான்பூச்சி பறந்தால் மனைவியைக் கூப்பிடுகிற மனிதர் அவர். மனைவி பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான்துளை தைப்பவள். ஒரு நாளைக்கு நூற்றிருபது துளை. "உங்க வால்வுகிட்ட காட்டுற பொறுமையில பாதி என்கிட்ட காட்டுனா நான் எப்பவோ சாமியாரிணி ஆயிருப்பேன்" என்பாள். என்ன பொருள் என்று அவர் இரண்டு முறை கேட்டிருக்கிறார், அவளுக்கும் தெரியவில்லை.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அவர் ஒரு தவறு செய்தார். பன்னிரண்டு வால்வுகளில் பதினொன்று வலப்பக்கம் திருப்பினால் மூடும், இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். ஏழாவது மட்டும் வேறு எங்கோ வார்த்து வந்த பழைய சரக்கு, அது தலைகீழ். வலம் திருப்பினால் திறக்கும். வேலையாட்கள் அதற்கு வைத்த பெயர் ஏட்டிக்குப்போட்டி. பள்ளத்தெரு முழுவதற்கும், ஆயிரத்து நூற்று நாற்பது வீடுகளுக்கும் ஒரு பிரசவ விடுதிக்கும், அது ஒன்றுதான் வழி. மொத்தம் முப்பத்தாறு சுற்று உடைய அந்த வால்வு எந்நேரமும் இருபத்திரண்டு சுற்றில் திறந்து நிற்கும். இருபத்திரண்டுக்கு மேல் போனால் மேட்டுத்தெருவுக்கு நீர் ஏறாது, குறைந்தால் பள்ளத்தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேராது. வாரம் ஒருமுறை முழுக்க மூடித் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் துருவேறி இறுகிப்போகும். அன்று அப்படி மூடப் போனவர், எதையோ நினைத்துக்கொண்டு, எண்ணாமலே வலப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். வால்வு முழுக்கத் திறந்தது. சலவைக்கடை வாசலில் இருந்த பழைய குழாய் வெடித்தது. இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த துணிகள் எல்லாம் மறுபடியும் நனைந்தன.

சலவைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் பள்ளத்தெரு ஆள், இவர் மேட்டுத்தெரு. இரண்டு தெருவும் வேறு வேறு கூடங்களில் கடவுளைக் கும்பிடுகிறவை. இவர் அடி விழும் என்று எதிர்பார்த்தார்.

"ஏன் அண்ணே," என்றாள் அவள், "துவைக்கிற பொழப்பு ஒண்ணுதான் எங்களுக்கு இருக்கு. அதையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி?"

அன்று முதல் அவர் எண்ணத் தொடங்கினார். வெறும் எண்ணாக எண்ணினால் மனம் அலைந்தது. மேட்டுத்தெருப் பிரார்த்தனைக் கூடத்தில் காலை வழிபாட்டின் கடைசி வரி ஒன்று உண்டு: என் கை உன் கையாகட்டும். ஒரு சுற்றுக்கு ஒரு முறை அதைச் சொன்னார். ஒரு முறை சொல்ல ஒரு சுற்று நேரம் ஆயிற்று, அளந்து தைத்த சட்டை மாதிரி. பக்தி முதலில் வந்ததா, கணக்கு முதலில் வந்ததா என்று கேட்டால், கணக்குதான். ஆனால் ஒரு நாளைக்கு நானூறு முறைக்கு மேல், இருபத்தொன்பது ஆண்டுகள் சொன்ன சொல் நாக்கிலேயே நின்றுவிடாது. உதடு அசைவதைப் பார்த்தவர்கள் முணுமுணுப்பான் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வேலை முடிந்ததும் குழிவாரியாக நேரமும் சுற்றும் பதிவேட்டில் எழுதுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பதிவேட்டின் முதல் பக்கத்தில் முன்பிருந்தவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருந்தது: 7 – எதிர். அதை அவரைத் தவிர யாரும் படித்ததில்லை. மேற்பார்வையாளர் பதினான்கு ஆண்டுகளில் ஒரு குழிக்குள்ளும் எட்டிப் பார்த்தவரல்ல.

கலவரம் வந்தது அவருடைய முப்பத்தோராவது ஆண்டு என்றுதான் ஊரார் சொல்வார்கள். பதிவேட்டின்படி இருபத்தொன்பதாம் ஆண்டு முடிந்து இரண்டு மாதம். சந்தையில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள், ஒருவர் இந்தத் தெரு, ஒருவர் அந்தத் தெரு. நான்கு நாளில் மேட்டுத்தெருவுக்கும் பள்ளத்தெருவுக்கும் நடுவில் தார் பீப்பாய்களை அடுக்கித் தடுப்புப் போட்டார்கள். மேட்டுத்தெருவில் ஒரு கமிட்டி முளைத்தது. தலைவர் மரக்கடைக்காரர். காலை வழிபாடு முடிந்ததும் அதே கூடத்தில், அதே பாயில் கமிட்டி கூடியது. சாவிக்காரரின் மைத்துனன், மனைவியின் தம்பி, கையில் ஒரு துணிப்பட்டை கட்டிக்கொண்டு கமிட்டியில் நின்றான். குழாய் மாட்டுகிற கடையில் இரண்டு வருடம் இருந்தவன். எதைக் கேட்டாலும் தெரியும் என்பவன்.

பதினோராம் நாள் மதியம் இரண்டேகாலுக்கு மேற்பார்வையாளர் சாவிக்காரரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நாளைக் காலை ஏழாம் குழியை மூடிவிட வேண்டும் என்றார். மூன்று நாள் நீர் இல்லையென்றால் பள்ளத்தெருவார் தாமாகவே மூட்டை கட்டுவார்கள் என்பது கமிட்டியின் கணக்கு. எழுத்தில் ஆணை எதுவும் கிடையாது.

பதிவேட்டில் என்ன எழுதுவது என்று சாவிக்காரர் கேட்டார்.

"பழுதுன்னு எழுதுங்க. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சோறும் வேண்டாம், ஒரு சொல்லே போதும் என்கிறார் இவர். சாவிக்காரர் மறுத்துப் பேசவில்லை. சரி சார் என்று சொன்னதாகவே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு நூலைக் கடித்து அறுத்துவிட்டு, மூடிவிட்டு வாருங்கள் என்றாள். பள்ளத்தெருவார் யாரும் நமக்கு உறவில்லை, கமிட்டிக்காரர்கள் கையில் துப்பாக்கி இருக்கிறது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள வேண்டாம். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இருவரும் அதன் பின் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். ஏதாவது பதில் வரும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தார். மின்விசிறி கடகடத்தது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. வழிபாடு நடத்துகிற பெரியவர் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நல்லவர், முழங்கால் வலிக்காரர். ஒருவன் குடிக்கிற தண்ணீரை நிறுத்தச் சொன்னால் நிறுத்தலாமா என்று சாவிக்காரர் அவரைக் கேட்டார். பெரியவர் அட்டையின் ஓரத்தை நகத்தால் மடித்து மடித்துத் தேய்த்தார்.

"எதையும் சொல்ற நிலைமையில நான் இல்லப்பா. காலம் அப்படி இருக்கு."

மறுநாள் ஐந்தரைக்கு ஏழாம் குழி. தடுப்புக்கு இந்தப் பக்கம், பீப்பாய்களிலிருந்து பத்து அடி. அந்தப் பக்கம், சலவைக்கடை பூட்டிக் கிடந்தது; மாடி ஜன்னல் மட்டும் ஒரு விரற்கடை திறந்திருந்தது. மைத்துனனும் துப்பாக்கியோடு இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

சாவிக்காரர் மூடியைத் தூக்கினார். சாவியை இறக்கினார். மூடத்தான் வந்திருந்தார், அதில் சந்தேகம் வேண்டாம். இடப்பக்கம் திருப்பினார். என் கை உன் கையாகட்டும், ஒன்று. என் கை உன் கையாகட்டும், இரண்டு. மூன்றாவதில் சொல் பாதியில் நின்றது. வாரா வாரம் இதே வால்வை இதே சொல்லால் மூடியவர்தான். ஆனால் அதெல்லாம் திறப்பதற்காக மூடியது. இன்றைக்கு மறுபடி தொடங்கினார். என் கை. அதற்கு மேல் வரவில்லை. சொல்லாமல் சுற்றலாமே என்று தோன்றியது. சுற்றினார். எத்தனையாவது சுற்று என்று தெரியவில்லை. இருபத்தேழு ஆண்டுகளில் சொல் இல்லாமல் அவருக்கு எண்ணத் தெரியாமல் போயிருந்தது.

நிறுத்தினார். தண்டில் இருந்த சுண்ணாம்புக் குறியை விளக்கடித்துப் பார்த்து, மூன்று சுற்று என்று உறுதி செய்துகொண்டு, வலப்பக்கம் மூன்று சுற்றுத் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். சாவியைத் தரையில் வைத்தார்.

"என்ன மச்சான்?" என்றான் மைத்துனன்.

"என்னால முடியல மாப்ள."

"கை வலியா?"

"கை என்னோடது இல்ல. குடுத்துட்டேன். ரொம்ப நாளாச்சு." இவ்வளவு பேசியதே அவருக்கு அதிகம். குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து பதிவேட்டை எடுத்து எழுதினார்: 5.40. ஏழாம் குழி. மூன்று சுற்று மூடித் திரும்பத் திறந்தேன். பழுது இல்லை.

துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டான். மைத்துனன் சாவியை எடுத்தான். எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ஒரு சின்ன வழக்கு நடந்தது. இப்படியும் திருப்பினார், அப்படியும் திருப்பினார், எது மூடுவது என்று மற்றவன் கேட்டான்.

"வலம் மூடும், இடம் திறக்கும். உலகம் பூரா அப்படித்தான்," என்றான் மைத்துனன். "முதல்ல மச்சான் இடம் திருப்பினாரே, பாத்தியா? மூடுற மாதிரி நம்ம கண்ணு முன்னாடியே திறந்திருக்காரு. எங்கிட்டயா?"

அவன் வலப்பக்கம் திருப்பினான். பதினான்கு சுற்று. குழாய்க்குள் நீர் இரைந்து ஓடும் ஓசை காலுக்கடியில் எழுந்தது. என்ன சத்தம் என்று துப்பாக்கிக்காரன் கேட்டான். மூடும்போது அப்படித்தான் மூச்சு விடும் என்றான் மைத்துனன். கடைசியில் சாவி முட்டி நின்றது. அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இறுகிவிட்டதா பாருங்கள் என்று மச்சானையே கேட்டான்.

சாவிக்காரர் குனிந்து பார்த்தார்.

"இதுக்கு மேல திரும்பாது," என்றார்.

அது உண்மை. அவர்கள் சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகு சலவைக்கடை மாடி ஜன்னல் திறந்தது.

"அண்ணே, குழாய் என்ன இப்படிப் பிச்சுக்கிட்டு வருது? பக்கெட்டைத் தள்ளிவிடுது."

அவர் உதட்டில் விரல் வைத்தார். ஜன்னல் மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி தையலை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். தன் தம்பி சின்ன வயதில் சட்டையை உள்பக்கம் வெளிப்பக்கமாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்லி மறுபடி சிரித்தாள். அவரும் சிரித்தார். பாரத்தைக் கடவுளே இறக்கி வைத்துவிட்டார் என்று நினைத்தார். கேட்டதற்குப் பொய் சொல்லவில்லை, பள்ளத்தெருவுக்கு நீர் போகிறது, இனி என்ன என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

கடவுள் அவ்வளவு மலிவாக விடவில்லை. தொட்டி முழுவதும் பள்ளத்துக்கு இறங்கியதால் இரண்டாம் நாள் மேட்டுத்தெரு மாடிகளில் நீர் ஏறவில்லை. மூன்றாம் நாள் கீழ்வீடுகளிலும் சொட்டியது. தடுப்பைத் தாண்டிப் போய்ப் பள்ளத்தெருவைப் பார்த்தவர் யாருமில்லை. ஏழாம் குழி மூடியிருக்கிறது, ஆகவே குறை தொட்டிக்கு நீர் ஏற்றுகிற பம்பில்தான் என்று கமிட்டி முடிவு செய்தது. பம்பு ஓட்டுகிறவரின் மனைவி பள்ளத்தெருவில் பிறந்தவள். வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள் காலை வழிபாட்டுக்குச் சாவிக்காரர் வழக்கமான இடத்தில், இடப்பக்கம் மூன்றாம் தூணருகில் உட்கார்ந்தார். கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் பம்பு ஓட்டுகிறவரை இழுத்து வந்து முன்னால் நிறுத்தினார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. பம்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மாமியார் வீட்டு விசுவாசம் என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். பீப்பாய்க்கு அந்தப் பக்கம் இவரைத் தள்ளிவிடலாமா, அல்லது அதற்கும் முன்னால் வேறு ஏதாவதா என்று மரக்கடைக்காரர் கேட்டார். அந்த வேறு ஏதாவது என்ன என்பது துப்பாக்கிகளைப் பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவிக்காரருக்கு விஷயம் இரண்டு பக்கமும் கூராகத் தெரிந்தது. வாயைத் திறந்தால் ஏழாம் குழியின் குட்டு வெளிப்படும். எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று கமிட்டி தெரிந்துகொள்ளும். திறக்காவிட்டால் இந்த மனிதர் போய்விடுவார். ஆயிரத்து நூற்று நாற்பது வீடா, ஒரு கண்ணா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு வரவில்லை. கைப்பழக்கத்தில் உள்ளுக்குள் அந்த வரியைச் சொன்னார். தடையில்லாமல் வந்தது. எழுந்துவிட்டார்.

"பம்புல குறையில்ல," என்றார். குரல் கீச்சென்று வந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏழாம் குழி முழுசாத் திறந்திருக்கு. அது எதிர்ச்சுத்து வால்வு. திருப்புனவனுக்கு அது தெரியாது. பக்கத்துல நின்ன எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன். அதுக்கு இவரு அடி வாங்கியிருக்காரு."

எல்லோர் கண்ணும் மெல்ல மைத்துனன் பக்கம் திரும்பின. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. யாருடையது என்று சாவிக்காரருக்குத் தெரியும். முப்பது ஆண்டாகக் கேட்கிற சிரிப்பு. அது இன்னும் ஏழெட்டுப் பேரைத் தொற்றியது.

மரக்கடைக்காரருக்கு முகம் கறுத்தது. அப்படியானால் இப்போதே போய் மூடு என்றார்.

"மூட மாட்டேன். இப்பத்தான் எல்லாருமாச் சேந்து சொன்னோம், என் கை உன் கையாகட்டும்னு. நான் அதை நம்பிட்டேன்."

சொல்லிவிட்டு நடந்தார். பம்பு ஓட்டுகிறவரின் தோளைத் தொட்டு, வாங்க என்றார். யாரும் தடுக்கவில்லை, வீரத்தைக் கண்டு மலைத்ததால் அல்ல, முணுமுணுப்பான் இவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. பம்பு ஓட்டுகிறவரை அவருடைய மனைவியிடம் கொண்டுபோய் விட்டார். பிறகு ஏழாம் குழிக்குப் போய் இரும்பு மூடியின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் அவரிடம் திட்டம் ஏதும் இல்லை. மூடி வெயிலில் சூடேறியிருந்தது.

இருபது நிமிடம் கழித்து மனைவி வந்தாள், கையில் தையல் பையோடு. நகருங்கள் என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சட்டையை எடுத்துப் பொத்தான்துளை தைக்கத் தொடங்கினாள். மூடிட்டு வாங்கன்னு நீதானே சொன்னே என்றார் அவர். சொன்னேன், இப்ப என்ன அதுக்கு என்றாள்.

மைத்துனன் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். பின்னால் அந்த இரண்டு பேர்.

"அக்கா, எந்திரி."

அவள் தலை நிமிரவில்லை. "எந்திரிச்சா எந்தப் பக்கம் திருப்புவே? அதையாவது சரியாக் கத்துக்கிட்டு வந்தியா?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். சிரித்த பிறகு அவன் கையில் துப்பாக்கி பொருந்தவில்லை; இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான். மைத்துனன் அக்காவைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். அக்காவைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும், அல்லது போக வேண்டும். சாவியைத் தரையில் வைத்தான், போடவில்லை, வைத்தான். இரும்பு கல்லில் படும் ஓசை கேட்கவில்லை.

"ஊரே சிரிக்குது மச்சான்," என்றான்.

"சிரிக்கட்டும் மாப்ள. நானும் அதே தப்பைப் பண்ணவன்தான். சலவைக்காரம்மாவைக் கேளு."

அவன் போன பிறகு சாவிக்காரர் மனைவியை எழுப்பி நிற்க வைத்தார். மூடியைத் தூக்கிச் சாவியை இறக்கினார். முழுக்கத் திறந்து கிடந்த வால்வை இடப்பக்கம் திருப்பினார். மேட்டுத்தெருவிலும் குழந்தைகள் இருந்தன. அவர்களுக்கும் நீர் ஏற வேண்டும். என் கை உன் கையாகட்டும், ஒன்று. பதினான்கு சுற்று மூடினார். பதினான்கிலும் சொல் எங்கும் தடுக்கவில்லை. இருபத்திரண்டில் நிறுத்தி, சுண்ணாம்புக் குறியைப் பார்த்து, மூடியைப் போட்டு மறுபடி மேலே உட்கார்ந்தார்.

ஆறு நாள் அந்த மூடி ஆளில்லாமல் இருந்ததில்லை. இரண்டாம் நாள் பம்பு ஓட்டுகிறவர் வீங்கிய கண்ணோடு மாற்றாளாக வந்தார். மூன்றாம் நாள் காலை பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அட்டை போட்ட புத்தகத்தோடு வந்தார். இன்னைக்கு வழிபாட்டை இங்கேயே சொல்லிவிடுவோமா என்று, அனுமதி கேட்பவர் மாதிரிக் கேட்டார். பதினோரு பேர் கூடினார்கள். கூடத்தில் அன்று நூற்று நாற்பது பேர் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தடுப்புக்கு அப்பால் மாடி ஜன்னலில் சலவைக்காரம்மா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, அவள் தெய்வத்திடம் அவள் பேசிக்கொண்டிருந்தாள். ஏழாம் நாள் இராணுவம் வந்து பீப்பாய்களை உருட்டித் தள்ளியது. மூடியின் மேல் உட்கார்ந்தவர்களால் அது நடந்தது என்று யாரும் எழுத முடியாது. அதுவரை நீர் போய்க்கொண்டிருந்தது என்று எழுதலாம்.

மேற்பார்வையாளர் அவரை ஆணை மீறியதற்காக இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். விசாரணையில் எந்த ஆணை என்று கேட்டார்கள். எழுத்தில் ஆணை இல்லாததால் மேற்பார்வையாளரால் காட்ட முடியவில்லை. பதிவேட்டில் பழுது இல்லை என்று இருந்தது. சாவிக்காரர் மீண்டும் வேலைக்கு வந்து, முப்பத்தோராம் ஆண்டு ஓய்வு பெற்றார். கூடத்தில் மூன்றாம் தூணருகில் அவருக்கு இரண்டு பக்கமும் நெடுநாள் இடம் காலியாகவே இருந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து ஒருநாள் மைத்துனன் வந்து வலப்பக்கம் உட்கார்ந்தான். வழிபாடு முடிந்து எழுந்தபோது, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று வாசலைக் காட்டிக் கேட்டான்.

"ரெண்டு பக்கமும் வழி இருக்கு மாப்ள," என்றார் சாவிக்காரர். "எண்ணிக்கிட்டு நட."